காரின் முன்சக்கர ஓசையும் அதன் காரணத்தைக் கண்டறிதலும்

ஓடும் காரின் முன்சக்கரப் பகுதியிலிருந்து வழக்கத்துக்கு மாறாக எழும் ஓசை, அங்குள்ள ஏதோ ஓர் உறுப்பு தேய்ந்துவிட்டது, தளர்ந்துவிட்டது அல்லது வேறொன்றோடு உராய்கிறது என்பதன் அறிகுறி ஆகும். ஒரே மாதிரிக் கேட்கும் ஓசைக்கு டயரில் சிக்கிய கூழாங்கல்லும் காரணமாக இருக்கலாம். இறுக்கம் தளர்ந்த சக்கர நட்டும் காரணமாக இருக்கலாம். முதலாவதைத் திருப்புளியால் நெம்பி எடுத்தால் போதும். இரண்டாவதைக் கவனிக்காவிட்டால் சக்கரமே கழன்று ஓடிவிடும். எனவே ஓசையின் தன்மை, அது எழும் நேரம், வண்டியின் வேகம், ஸ்டியரிங் திரும்பும் திசை ஆகியவற்றைக் கொண்டு காரணத்தைப் படிப்படியாகச் சுருக்கிக் கண்டறிவது அவசியமாகிறது.

சென்னையின் தெற்குப் புறநகர்ப் பகுதியான தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அம்முறையை விளக்குகிறது. மழை வெள்ளம், நெரிசல், வேகத்தடை, பள்ளம், மணல் என முன்சக்கரத்தைச் சோதிக்கும் சூழல்கள் பலவும் இப்பகுதியில் ஒருங்கே அமைந்துள்ளன.

தெற்குப் புறநகரும் மோட்டார் வாகனமும்

தாம்பரம் பகுதிக்கும் காருக்கும் உள்ள தொடர்பு பழையது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் வண்டலூர், பெருங்களத்தூர் வட்டாரத்தில் கார்களைத் தயாரித்தது. 1961இல் வெளிவரத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அவற்றுள் பெயர் பெற்றது. பின்னாளில் மறைமலைநகரில் ஃபோர்டு ஆலையும், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும் அமைந்தன. வாகனங்களைச் சோதிக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில் உள்ளது. தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியாக வாலாஜாபாத் செல்லும் சாலை ஒரகடத்தைத் தொட்டுச் செல்கிறது.

ஹெரால்டு காரின் முன்சக்கரத்தைத் தாங்கிய செங்குத்துத் தண்டின் அடிமுனை, மரை கொண்ட ஓர் உலோகக் கட்டைக்குள் திரும்பும்படி அமைந்திருந்தது. அதற்குக் காலந்தோறும் எண்ணெய் ஊட்ட வேண்டும். ஊட்டத் தவறினால் மரை தேய்ந்து, தண்டு துருப்பிடித்து, ஒரு நாள் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இன்றைய கார்களில் அந்த இடத்தில் இருப்பது பால் ஜாயின்ட். கிரீஸ் நிரப்பி முற்றாக மூடப்பட்டிருப்பதால், பெரும்பாலான கார்களில் அதற்கு மேற்கொண்டு கிரீஸ் ஊட்ட வழியில்லை. பராமரிப்பு வேலை குறைந்தது உண்மை. ஆனால் வண்டியை அடியில் பார்த்து எண்ணெயிடும் வழக்கமும் அதனுடன் மறைந்துவிட்டது. ஆகவே இன்று பல உறுப்புகளின் தேய்மானத்தை உரிமையாளருக்கு முதலில் அறிவிப்பது ஓசை மட்டுமே.

மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஹெரால்டு ஆகிய மூன்றும் பின்சக்கரத்தால் இயங்கியவை. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 முன்சக்கரத்தால் இயங்கியது. இன்று சாலையில் ஓடும் சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவை அவ்வகையே. இவற்றில் முன்சக்கரம் வண்டியைத் திருப்புகிறது, இழுக்கிறது, நிறுத்தும் பணியில் பெரும் பங்கையும் ஏற்கிறது. என்ஜின், கியர்பெட்டி ஆகியவற்றின் எடையும் அதன் மீதே உள்ளது. ஓசைகளில் பல முன்பக்கத்திலிருந்தே வருவதற்கு இதுவே காரணம்.

முன்சக்கரத்தின் உறுப்புகள்

ஓசையைப் புரிந்துகொள்ளச் சக்கரத்தின் பின்னால் உள்ள உறுப்புகளை அறிந்திருக்க வேண்டும்.

ஹப், பேரிங்: சக்கரம் நட்டுகளால் ஹப்பில் பொருத்தப்படுகிறது. ஹப் ஒரு பேரிங்கின் மீது சுழல்கிறது. இந்த பேரிங்கில் பெரும்பாலும் இரு வரிசை எஃகுக் குண்டுகளும், கிரீஸும், இருபுறமும் ரப்பர் சீலும் இருக்கும்.

பிரேக்: ஹப்போடு சேர்ந்து சுழலும் டிஸ்க், அதை இருபுறமும் பிடிக்கும் பிரேக் பேடுகள், பேடுகளை அழுத்தும் காலிபர், டிஸ்க்கின் உட்புறத்தில் தூசியைத் தடுக்கும் மெல்லிய தகடு ஆகியவை இதில் அடங்கும்.

சஸ்பென்ஷன்: சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம், அதன் நுனியில் உள்ள பால் ஜாயின்ட், மறுமுனையில் உள்ள ரப்பர் புஷ், சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட், ஸ்ட்ரட்டின் தலையில் உள்ள மவுன்ட், இரு பக்கங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி, அதன் லிங்க் ஆகியவை.

ஸ்டியரிங்: சக்கரத்தைத் திருப்பும் டை ராட், அதன் முனையான டை ராட் எண்ட்.

டிரைவ் ஷாஃப்ட்: கியர்பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டு. இதன் இரு முனைகளிலும் சீர்வேக இணைப்புகள் உள்ளன. பட்டறைகளில் இவை சி.வி. ஜாயின்ட் எனப்படும். வெளிமுனை இணைப்பின் நவீன வடிவத்தை 1920களில் ஆல்ஃபிரட் செப்பா என்னும் பொறியாளர் உருவாக்கினார். சக்கரம் திரும்பியிருக்கும்போதும் சுழற்சி விட்டுவிட்டு வராமல் ஒரே வேகத்தில் வரச் செய்வது இதன் பணி. கிரீஸ் வெளியேறாமல் இருக்க மடிப்பு மடிப்பான ரப்பர் பூட் இதை மூடியிருக்கும்.

இப்பகுதியின் சாலைகளும் சக்கரத்தின் தேய்மானமும்

2015 டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாற்றின் வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை உள்ளிட்ட சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதிகளிலும் கார்கள் நீரில் நின்றன. இத்தகைய ஆண்டுகளில் என்ஜினுக்குள் நீர் புகுந்ததா என்பதே பலரின் முதல் கவலையாக இருக்கும். சக்கர பேரிங்கைப் பற்றி நினைப்பவர் குறைவு.

பேரிங்கின் சீல் தெறிக்கும் நீரைத் தடுப்பதற்காக அமைக்கப்பட்டது. நீரில் மூழ்கி நிற்பதற்காக அன்று. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய ஹப் குளிர்ந்த வெள்ளத்துக்குள் இறங்கும்போது, உள்ளிருக்கும் காற்று சட்டெனச் சுருங்குகிறது. அப்போது ஏற்படும் உறிஞ்சலில் சீலின் விளிம்பு வழியாகச் சேற்றுநீர் உள்ளே செல்லக்கூடும். நீர் கலந்த கிரீஸ் குழம்பாகி, வழுக்கும் தன்மையை இழக்கிறது. எஃகுப் பரப்பில் துருப்புள்ளிகள் உண்டாகின்றன. குண்டுகள் அவற்றின் மீது உருண்டு உருண்டு சிறு செதில்களைப் பெயர்த்தெடுக்கின்றன. இந்த நிலைக்கு வரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். எனவே பொங்கலுக்குப் பின் கேட்கும் உறுமலை டிசம்பர் வெள்ளத்தோடு தொடர்புபடுத்திப் பார்க்கப் பலர் தவறிவிடுகின்றனர்.

ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வழியாக நின்று நின்று செல்லும் போக்குவரத்து பிரேக் பேடுகளை விரைவில் தேய்க்கிறது. தாம்பரத்திலிருந்து சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் வழியாக வேளச்சேரி செல்லும் சாலையிலும், உட்புறத் தெருக்களிலும் உள்ள வேகத்தடைகளும், குழாய்ப் பணிக்காகத் தோண்டி மூடிய பள்ளங்களும் ஸ்டெபிலைசர் லிங்கையும் புஷ்களையும் பதம் பார்க்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நிறுத்தப்படும் வண்டிகளில் உப்புக்காற்றால் டிஸ்க்கும் காலிபர் ஊசிகளும் துருப்பிடிக்கின்றன.

ஓசைகளும் அவற்றின் காரணங்களும்

1. வேகத்தோடு உயரும் உறுமல்

மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் தொடங்கி, வேகம் கூடக் கூட ஓங்கும் "ஊம்" என்ற தொடர் ஓசைக்குப் பெரும்பாலும் இரு காரணங்கள் உண்டு. ஒன்று பேரிங், மற்றொன்று சீரற்றுத் தேய்ந்த டயர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும் என்பதால் தவறான முடிவு எடுக்கப்படுவது இங்கேதான் அதிகம். இவற்றைப் பிரித்தறியும் முறை கீழே தரப்படுகிறது.

2. திருப்பும்போது "டக் டக் டக்"

ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி, ஆக்சிலரேட்டரை மிதித்து நகரும்போது சீரான இடைவெளியில் கேட்கும் கடகடப்பு, வெளிமுனை சி.வி. ஜாயின்ட் தேய்ந்ததைக் காட்டுகிறது. பூட் கிழிவதே இதன் தொடக்கம். கிழிசல் வழியாகக் கிரீஸ் சிதறிவிட, மணல் உள்ளே போகிறது. சக்கரத்தின் உட்புறத்திலும் ரிம்மிலும் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் ஐயமே வேண்டாம். கிழிந்த உடனே கண்டால் பூட்டையும் கிரீஸையும் மாற்றினால் போதும். ஓசை வந்த பின் கண்டால் இணைப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.

3. வேகத்தடையில் "டொக்", "லொட லொட"

சிறு மேடுபள்ளங்களில் கேட்கும் லொடலொடப்பு பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்கிலிருந்து வருகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஒற்றையாகக் கேட்கும் கனமான "டொக்", லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் அல்லது ஸ்ட்ரட் மவுன்ட் ஆகியவற்றைச் சுட்டும். பிரேக் பிடிக்கும்போதும் புறப்படும்போதும் ஒரு முறை தட்டினால் புஷ்ஷையோ, தளர்ந்த காலிபர் பொருத்தையோ முதலில் பார்க்க வேண்டும்.

4. நின்ற இடத்தில் திருப்பும்போது "டொய்ங்"

வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சுருள்வில் துள்ளுவது போல் ஓசை எழுந்தால், ஸ்ட்ரட்டின் தலையில் உள்ள மவுன்ட் பேரிங் சிக்கிக்கொள்கிறது எனக் கொள்ளலாம்.

5. "கீச்" ஒலியும் "கர்" என்ற உராய்வும்

பல பிரேக் பேடுகளில் சிறு எஃகு நாக்கு ஒன்று உண்டு. பேட் தேய்ந்து மெலிந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். இது வேண்டுமென்றே அமைக்கப்பட்ட எச்சரிக்கை. புதிய பேடின் உராய்வுப் பொருள் ஏறத்தாழ 10 மி.மீ. தடிமன் இருக்கும், 3 மி.மீ. அளவுக்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்லது. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் கீச்சொலி "கர்" என்ற உராய்வாக மாறும். அப்போது பேடின் இரும்புத் தகடே டிஸ்க்கை அறுக்கிறது என்று பொருள். பிரேக் பிடிக்கும் தூரம் கூடிவிடும்.

இரவு முழுதும் மழையில் நின்ற காரை மறுநாள் எடுக்கும்போது, முதல் சில பிரேக்குகளில் மட்டும் கேட்கும் உராய்வு இயல்பானது. டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு தேய்ந்ததும் அது நின்றுவிடும். மின்சாரக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் பேடுகளின் பயன்பாடு குறைவு. அதனால் டிஸ்க்கில் துரு கூடுதல் நேரம் தங்கும். என்ஜின் ஓசை இல்லாததால் சக்கர ஓசைகள் இவ்வண்டிகளில் தெளிவாகக் கேட்கும்.

சரளைச் சாலையில் சென்றபின் திடீரெனக் கிளம்பும் கூர்மையான கீறல் ஓசைக்கு, தூசித் தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் சிக்கிய சிறு கல் காரணமாக இருக்கலாம். சற்றுப் பின்னோக்கி ஓட்டினாலே சில வேளைகளில் அது விழுந்துவிடும்.

6. சுற்றுக்கு ஒரு முறை "டிக்"

டயரில் ஏறிய ஆணி, சிக்கிய கல் ஆகியவை சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு முறை தரையில் தட்டும். தளர்ந்த சக்கர நட்டும் இதே தாளத்தில் ஒலிக்கக்கூடும். சக்கரத்தின் மேல்வளைவில் உள்ள பிளாஸ்டிக் உறை கழன்று டயரில் உரசினால் படபடவென ஒலிக்கும்.

தாளத்தை எண்ணிப் பார்த்தல்

ஓசை சக்கரத்தோடு தொடர்புடையதா என்பதைச் சிறு கணக்கால் சரிபார்க்கலாம். 165/80 ஆர்14 என்ற அளவுள்ள டயரை எடுத்துக்கொள்வோம். டயரின் அகலம் 165 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, அதாவது 132 மி.மீ.; ரிம்மின் விட்டம் 14 அங்குலம், அதாவது 355.6 மி.மீ. எனவே டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 620 மி.மீ.; சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர்.

மணிக்கு 20 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 5.56 மீட்டர். இதைச் சுற்றளவால் வகுத்தால் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 3 முறை சுற்றுகிறது. ஆகவே அந்த வேகத்தில் நொடிக்கு மூன்று "டிக்" கேட்டால், சுற்றுக்கு ஒரு முறை தட்டும் ஒன்றே காரணம். 40 கி.மீ. வேகத்தில் அது ஆறாக இரட்டிக்க வேண்டும்.

பேரிங்கின் ஓசை தனித்தனித் தட்டலாகக் கேட்காமல் உறுமலாகக் கேட்பதற்கும் இக்கணக்கே விடை தருகிறது. நிலையாக இருக்கும் வெளிவளையத்தில் ஒரு குழி விழுந்தால், கடந்துசெல்லும் ஒவ்வொரு குண்டும் அதில் தட்டுகிறது. அத்தட்டல்களின் எண்ணிக்கை தோராயமாகக் குண்டுகளின் எண்ணிக்கை, நொடிக்கான சுற்று, 0.4 ஆகிய மூன்றின் பெருக்கல். 12 குண்டுகள் எனக் கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 41 தட்டல்கள். காது அவற்றைப் பிரித்தறியாமல் ஒரே தாழ்ந்த ஒலியாகக் கேட்கிறது.

ஓட்டிப் பார்த்துக் கண்டறிதல்

சோதனை ஓட்டத்துக்கு முன் நான்கு டயர்களின் காற்றழுத்தத்தையும், சக்கர நட்டுகளின் இறுக்கத்தையும் சரிபார்க்க வேண்டும். வானொலி, குளிர்சாதனம் ஆகியவற்றை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். உடன் ஒருவர் இருந்தால் அவர் ஓசையைக் கவனிக்கலாம்.

முதலாவதாக, குறைந்த வேகத்தில் மதில்சுவரை ஒட்டிய தெருவில் ஓட்ட வேண்டும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, அந்தப் பக்கச் சக்கரத்தின் ஓசையைத் தெளிவாகக் காட்டும். ஒரு முறை இடப்புறம் சுவர் இருக்கும்படியும், திரும்பி வரும்போது வலப்புறம் இருக்கும்படியும் பார்ப்பது நலம்.

இரண்டாவதாக, நெரிசல் இல்லாத நேரத்தில் தாம்பரம்–மதுரவாயல் புறவழிச்சாலை அல்லது வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போன்ற நேர்ச்சாலையில், அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குள் ஒரே சீராக ஓட்ட வேண்டும். தார்ச்சாலையிலிருந்து மேம்பாலத்தின் கான்கிரீட் பரப்புக்கு ஏறும்போது ஓசையின் தன்மை மாறினால் டயர் மீது ஐயம் கூடும். பரப்பு மாறியும் உறுமல் மாறாமல் இருந்தால் பேரிங் மீது ஐயம் கூடும்.

மூன்றாவதாக, பின்னால் வண்டிகள் இல்லாதபோது சில நொடிகள் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரலாம். என்ஜின் சுற்று இறங்கியும் ஓசை அப்படியே தொடர்ந்தால், அது என்ஜினைச் சேர்ந்ததன்று. இச்சோதனையில் என்ஜினை ஒருபோதும் அணைக்கக் கூடாது. அணைத்தால் ஸ்டியரிங், பிரேக் ஆகியவற்றுக்கான துணைவிசை போய்விடும். சாவியை எடுத்தால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளக்கூடும்.

நான்காவதாக, நீண்ட வளைவுகளில் ஓசையைக் கவனிக்க வேண்டும். வண்டி வலப்புறம் வளையும்போது எடை இடப்பக்கச் சக்கரங்களுக்குச் சாய்கிறது. அப்போது உறுமல் ஓங்கி, இடப்புறம் வளையும்போது தணிந்தால், இடப்பக்க பேரிங் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். எதிர்மாறாக இருந்தால் வலப்பக்கம். இது வலுவான குறிப்பே தவிர, இறுதித் தீர்ப்பு அன்று.

ஐந்தாவதாக, உற்பத்தியாளரின் கையேடு அனுமதித்தால் முன்டயர்களைப் பின்னாலும், பின்டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு மீண்டும் ஓட்டலாம். ஓசையும் பின்னால் போய்விட்டால் டயரே காரணம். முன்னாலேயே நின்றால் டயருக்குப் பங்கில்லை.

வண்டியைத் தூக்கிச் சோதித்தல்

இச்சோதனையைச் சமதளமான, உறுதியான தரையில் மட்டுமே செய்ய வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கிய பின் தாங்கியின் மீது வண்டியை நிறுத்த வேண்டும். காரோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கானது. அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்கக் கூடாது. தாங்கி இல்லாதவர்கள் இதைப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம்.

கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றி, மறுகையைச் சுருள்வில்லின் மீது வைக்க வேண்டும். பேரிங் நன்றாக இருந்தால் வில் அசைவற்றிருக்கும். குழி விழுந்த பேரிங்கின் நறநறப்பு வில்லில் அதிர்வாகத் தெரியும். பிரேக் பேட் டிஸ்க்கை மெல்ல வருடும் ஓசை இயல்பானது.

அடுத்து, சக்கரத்தைக் கடிகார முகமாகக் கருதி, 12 மணி, 6 மணி இடங்களைப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் தேய்ந்துள்ளது. பிறகு 9 மணி, 3 மணி இடங்களைப் பிடித்து ஆட்ட வேண்டும். இதில் மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்டைப் பார்க்க வேண்டும். பேரிங்கா, பால் ஜாயின்டா என்ற ஐயத்தைத் தீர்க்க எளிய வழி உண்டு. ஒருவர் காருக்குள் அமர்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மற்றவர் மீண்டும் ஆட்ட வேண்டும். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங். அப்போதும் ஆட்டம் தொடர்ந்தால் பால் ஜாயின்ட் அல்லது ஸ்டியரிங் இணைப்பு. பிரேக்கை அழுத்தும்போது டிஸ்க்கும் ஹப்பும் காலிபரோடு இறுகிவிடுவதால் பேரிங்கின் தளர்ச்சி வெளிப்படுவதில்லை என்பதே இதன் அடிப்படை.

ஓர் எடுத்துக்காட்டு

முடிச்சூரில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு சிறிய காரின் சக்கர நடுப்பகுதி வரை மழைநீர் இரண்டு நாள் நின்றதாகக் கொள்வோம். ஆறு வாரம் கழித்து 50 கி.மீ. வேகத்தில் முன்பக்கத்திலிருந்து உறுமல் கேட்கிறது. டயர் பழையது என்பதால் உரிமையாளர் இரு முன்டயர்களையும் புதிதாக மாற்றுகிறார். உறுமல் சற்றும் குறையவில்லை. இதுவே பலருக்கும் நேரும் வீண்செலவு.

அவர் முதலில் செய்திருக்க வேண்டியது செலவில்லாத சோதனைகளை. டயரை முன்பின்னாக மாற்றியிருந்தால் ஓசை இடம் மாறவில்லை என்பது அன்றே தெரிந்திருக்கும். வலப்புற வளைவில் ஓசை ஓங்குவதையும், இடப்பக்கச் சக்கரத்தைச் சுழற்றும்போது வில்லில் அதிர்வு இருப்பதையும் கண்டிருந்தால், இடப்பக்க பேரிங் என்ற முடிவுக்கு வந்திருப்பார். ஒரே வெள்ளத்தில் நின்ற வலப்பக்க பேரிங்கையும் அப்போதே சோதிப்பது அறிவுடைமை.

அவசரத்தின் அளவு

உடனே ஓரங்கட்டி நிறுத்த வேண்டியவை: சக்கரம் தள்ளாடுதல், நட்டு தளர்ந்த ஐயம், பிரேக்கில் இரும்போடு இரும்பு உராய்தல், ஹப் பகுதியிலிருந்து புகை அல்லது கருகிய வாடை, ஸ்டியரிங் திடீரெனத் தளர்தல். இந்நிலையில் மெதுவாக வீடு போய்ச் சேரலாம் என எண்ணாமல், வண்டியை ஏற்றிச் செல்லும் ஊர்தியை அழைக்க வேண்டும்.

ஓரிரு நாளில் பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவை: பேரிங் உறுமல், பேடின் கீச்சொலி, பால் ஜாயின்டிலோ டை ராட் எண்டிலோ ஆட்டம், சி.வி. ஜாயின்ட் கடகடப்பு. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் வெளிப்புறமாக மடங்கி வண்டி கட்டுப்பாட்டை இழக்கும் என்பதால், ஆட்டம் தெளிவாகத் தெரிந்த பின் நெடுஞ்சாலையில் ஓட்டக் கூடாது.

சில வாரங்கள் பொறுக்கக்கூடியவை: ஸ்டெபிலைசர் லிங்க் லொடலொடப்பு, ஸ்ட்ரட் மவுன்ட் ஓசை, சக்கர மேல்வளைவு உறையின் படபடப்பு.

சாலையில் ஓட்டத் தகாத நிலையிலுள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

"முன்னால் சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்வதைவிட, எந்த வேகத்தில், எந்தத் திருப்பத்தில், பிரேக் பிடிக்கும்போதா பிடிக்காதபோதா, எத்தனை நாளாக என்பவற்றைக் குறித்துக்கொண்டு சொல்வது பயன் தரும். வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால் அதையும், அண்மையில் பஞ்சர் ஒட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மெக்கானிக்கை உடன் அமர்த்தி ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவது எல்லாவற்றிலும் சிறந்தது.

பிரேக் பேடுகளை ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரு முன்சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையெனில் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டை ராட் எண்டையோ லோயர் ஆர்மையோ மாற்றினால் அதன்பின் வீல் அலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம்.

அழுத்திப் பொருத்தும் வகை பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால், புதிய பேரிங்கே முதல் நாளில் குழி விழுந்துவிடும். பிரஸ் எந்திரத்தால்தான் அதை ஏற்ற வேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சில பேரிங்குகளின் ஒரு பக்கத்தில் ஏ.பி.எஸ். உணரிக்கான காந்த வளையம் இருக்கும். அப்பக்கம் உணரியை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும், ஏ.பி.எஸ். இயங்காது. ஹப் நட்டை உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும்.

கழற்றிய பழைய உறுப்பைக் காட்டும்படி கேட்பது உரிமையாளரின் உரிமை. பழைய பேரிங்கைக் கையில் எடுத்துச் சுழற்றினால் நறநறப்பும், கிரீஸில் கலந்த துருவின் நிறமும் தெரியும். கண்டறிந்த காரணம் சரிதான் என்பதற்கு அதுவே நேரடிச் சான்று.

எந்தக் காரணத்துக்காகச் சக்கரத்தைக் கழற்றி மாட்டினாலும், 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் நட்டுகளை ஒரு முறை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். காரோடு வரும் சக்கர ஸ்பானரே இதற்குப் போதும்.

முன்னெச்சரிக்கை

மழைக்காலத்துக்கு முன்பும், வெள்ளத்தில் வண்டி நின்ற பின்பும் சி.வி. பூட், பால் ஜாயின்ட் ரப்பர், பேடின் தடிமன் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது நல்லது. டயர்ப் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் டயரை மாற்ற வேண்டும். வாட்டர் சர்வீஸின்போது அழுத்தமான நீரைப் பூட்டின் மீதும் ஹப்பின் சீல் மீதும் நேராகப் பாய்ச்சாமல் இருக்கச் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் நின்ற தேதியைச் சர்வீஸ் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், சில மாதங்கள் கழித்து எழும் ஓசையின் காரணத்தைத் தேடும்போது முதல் துப்பு அதிலிருந்தே கிடைக்கும்.